வேட்டி மடிப்பில் ஒரு டப்பா

காலை ஏழு நாற்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. ஏழு முப்பத்தொன்பது வரை நான் வெற்றி வீரன். படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் இருந்தது என்ன என்று சொல்லாமலே இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. பரிசோதனைக்கான என் விந்து. (போதுமா? இனிமே மறைக்க ஒண்ணுமில்ல.)

அதை ஒரு மணி நேரத்துக்குள் டவுனில் இருக்கும் கிளினிக்கில் சேர்க்க வேண்டும். அதுவரை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். எங்கள் வீடு செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை பிரியும் முனைக்குப் பக்கத்துத் தெருவில். டப்பாவை வேட்டி மடிப்பில் வயிற்றோடு ஒட்டிச் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். முனையில் போலீஸ் தடுப்பு. அதற்கு அப்பால் செங்கம் ரோட்டைக் காணோம். ரோடு இருந்த இடத்தில் தலைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

பௌர்ணமி.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பௌர்ணமி தெரியாமல் போகுமா? தெரியும். முந்தின நாளே கலைவாணி எச்சரித்தாள். "டவுன்லயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டுக்கலாங்க. அங்கேர்ந்து ரெண்டு நிமிஷம்" என்றாள். நான் சிரித்தேன். "கூட்டமெல்லாம் ராத்திரியோட சரி. காலைல எவன் சுத்தறான்? நான் இந்த ஊர்க்காரன்டி" என்றேன். அவள் என்னையும் என் ஊரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நானாவது நேரத்துக்கு அங்க இருக்கேன்" என்று டவுனில் இருந்த தோழி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். திதி மதியம் வரை இருக்கிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதை இந்த ஊர்க்காரன் காலண்டரில் பார்க்கவில்லை.

என் தன்னம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கலர் சாக்பீஸில் வரைந்தால் பக்கத்து வகுப்பு வாத்தியார்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் கலைவாணிக்கு இரண்டு முறை கரு உண்டாகிக் கலைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பரிசோதனை, ஊசி, மாத்திரை எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு ஒரே ஒருமுறை பார்த்தார்கள். எண்ணிக்கை பிரமாதம் என்றார்கள். அந்தச் செய்தியைப் போளூரில் மாமியார் வீட்டில் போய் நான் சொன்ன விதத்தைப் பார்த்திருந்தால், மாவட்ட அளவில் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தவன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு என் மாமியார் மகளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட ஆரம்பித்தார். "நம்ம பொண்ணுக்குத்தான் ஏதோ கொற" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். நான் மறுக்கவில்லை. (மறுக்கறதுக்கு யாரும் கேக்கலயே!)

புதிதாக வந்த லேடி டாக்டர்தான் என் கோப்பையைப் பிடுங்கினார்.

"எண்ணிக்கை இருக்கு, ஓட்டமும் இருக்கு. நான் கேக்கறது அது இல்ல சார். கவர் அழகா இருக்கு, விலாசம் சரியா எழுதியிருக்கு, போய்ச் சேரவும் செய்யுது. ஆனா உள்ள இருக்கற கல்யாணப் பத்திரிகை கிழிஞ்சிருந்தா?"

"கிழிஞ்சிருந்தாவா?"

"உயிரணுவுக்குள்ள இருக்கற டி.என்.ஏ. உடைஞ்சிருக்கலாம். அப்படி இருந்தா கரு உண்டானாலும் சில சமயம் நிக்காது. அதைப் பாக்க இப்ப ஒரு டெஸ்ட் வந்திருக்கு."

"நான் விலங்கியல் வாத்தியார் மேடம்" என்றேன், ஏதோ அந்த வேலைக்கு உடைசலே வராது என்பதுபோல.

"அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேணாம்" என்றார் அவர்.

அந்தப் பரிசோதனை அப்போது எங்கள் பக்கத்தில் எங்கும் கிடையாது. சென்னையிலிருந்து ஒருவர் உறையவைக்கும் கேனோடு மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்து, சேர்ந்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். மாதிரியைக் கிளினிக்கிலேயே கொடுக்கலாம். அதற்கென்று ஓர் அறை உண்டு. போய்ப் பார்த்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எதிரே மருந்து வாங்குகிறவர்களின் வரிசை. போதாக்குறைக்கு லேப் டெக்னீஷியன் ஜாகீர் எழுந்து நின்று, "சார், என்னைத் தெரியுதா? பிளஸ் டூல உங்க கிட்டதான் படிச்சேன்" என்று கும்பிட்டான். வீட்டிலிருந்தே கொண்டு வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் கலைவாணி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ரெண்டு தடவ போச்சு. என் உடம்புல ஊசி போடாத எடம் இல்ல. இந்த ஒண்ண மட்டும் நீங்க ஒழுங்கா கொண்டாந்து குடுத்துடுங்க. இல்லனா அந்த வாசப்படிய நான் இனிமே மிதிக்க மாட்டேன். கொழந்தயே வேணாம்." அவள் சண்டைக்காகப் பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள்.

எனவே தடுப்புக் கட்டையில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு, டவுனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரிவலம் என்பது மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது. லட்சம் பேர் வந்தாலும் லட்சம் பேரும் ஒரே திசையில்தான் போவார்கள். டவுனோ எனக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. கூட்டத்தோடு போனாலும் டவுன் வரும். மலையை முக்கால்வாசி சுற்றி, மத்தியானத்துக்கு மேல் வரும்.

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்தேன். "யோவ், கண்ணு தெரியலயா?" என்றார் ஒருவர். "மலைய எடது பக்கம் வெச்சிக்கினு நடக்கறான் பாரு, வெளங்குமா?" என்றாள் ஒரு அம்மாள். யாரோ மிதித்து ஒரு செருப்பு போனது. ஒற்றைச் செருப்போடு நடப்பது இன்னும் கேவலமாக இருந்ததால் மற்றதையும் கழற்றிப் போட்டேன். செல்போனை எடுத்துக் கலைவாணியைக் கூப்பிட்டேன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் என்பது மணி பார்க்க மட்டும்தான்.

எம லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாப்ள!"

போளூர்ப் பெண்கள் நாலைந்து பேர் சூழ, நெற்றி நிறைய விபூதியோடு என் மாமியார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கிரிவலத்தை முடிக்காமல் உறவினர் வீட்டுப் படியேறக் கூடாது என்பதால் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வேட்டி. வெறுங்கால். வயிற்றில் கை. மூச்சு வாங்கல்.

"கிரிவலமா மாப்ள?"

இந்த இடத்தில் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி "பின்ன எங்க?" என்று வரும். அதற்கு அடுத்தது "யாருக்கு டெஸ்ட்டு?" என்று வரும். விலங்கியல் வாத்தியாரின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது.

"ஆமாங்க அத்தே."

"அப்ப ஏன் எதிர்ல வர்றீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு தோணுச்சு. கூட்டினு போலாம்னு எதிர்ல வந்தேன்."

மாமியாரின் கண்கள் கலங்கிவிட்டன. "பாத்தீங்களாடி? இத்தினி வருசத்துல ஒரு பௌர்ணமி சுத்தாத மனுசன். எனக்கோசரம் எதிர்ல வந்திருக்காரு. என் பொண்ணு வயித்துல இந்த வருசம் ஒண்ணு நிக்கும்டி, நிக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மாமியார் பிடித்தால் பிடித்ததுதான். நான் திரும்பினேன். அத்தனை பாடுபட்டு வந்த தூரத்தை, கூட்டம் ஒரு தள்ளு தள்ளித் திருப்பி வாங்கிக்கொண்டது. என் வீட்டுத் தெருமுனையை மறுபடியும் கடந்தேன். தடுப்புக் கட்டையில் என் மொபெட் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தது.

டப்பா வயிற்றில் சூடாக இருந்தது. அதற்குள் இருந்தவர்களுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. கிளினிக் வாசலில் கலைவாணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் ஒவ்வோர் அடிக்கும் அவளிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தேன், அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்தபடி.

கொஞ்ச தூரத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். "முட்டி புடிச்சிக்கிச்சு, ரெண்டு நிமிசம் குந்திக்கலாம்" என்று மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என் வயிற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்போலேர்ந்து பாக்கறேன், கைய எடுக்கவே மாட்றீங்க. மடில இன்னா வெச்சிருக்கீங்க?"

"மருந்து அத்தே."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

உலகத்தில் ஆயிரம் வியாதி இருக்கிறது. பல்வலி இருக்கிறது, காதுவலி இருக்கிறது. அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "முட்டி வலிக்கு."

(அடப்பாவி!)

"தைலமா? அப்பவே சொல்லக் கூடாதா? குடுங்க, ரெண்டு சொட்டு தடவிக்கறேன்." புடவையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"வேணாங்க அத்தே. அது... ஆம்பளைங்களுக்கு."

"முட்டில இன்னா ஆம்பள முட்டி பொம்பள முட்டி?"

"சூடு ஜாஸ்தி. உங்களுக்கு ஒத்துக்காது."

"மருமவன் கிட்ட ரெண்டு சொட்டு தைலம் கேட்டதுக்கு இத்தினி பேச்சா?" போளூர்ப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் மோர் திரிந்திருக்கும். நான் ஏதோ சமாதானம் சொல்வதற்குள், மகனிடம் பிடுங்குவதுபோல உரிமையோடு என் வேட்டி மடிப்பிலிருந்து டப்பாவை உருவிவிட்டார். மூடியில் விரல் வைத்துத் திருகவும் ஆரம்பித்துவிட்டார்.

"அத்தே! தொறக்காதீங்க! அது தைலம் இல்ல! டெஸ்ட்டுக்குக் கொண்டு போறேன்!"

"மூத்திரமா?"

"இல்ல."

"பின்ன இன்னாதான் அது?"

பதினெட்டு வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. அது வேறுவிதமாகப் பேச அறியாது. "விந்து!" என்றேன்.

ஒருவர் வாயருகே கொண்டுபோன மோர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். மாமியார் டப்பாவைக் கையை நீட்டிப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"யாரோடது?"

"என்னோடதுதான் அத்தே."

"உங்களுக்கு எதுக்கு டெஸ்ட்டு? கொற அவளுக்குத்தான?"

இதற்குத்தான் நான் மலையையே சுற்றத் தயாராக இருந்தேன். ஆனால் டப்பா அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்ல. கரு நிக்காததுக்கு என் பக்கமும் காரணம் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. அதான் இது. ஒரு மணி நேரத்துல கிளினிக்ல குடுக்கணும். பாதி நேரம் போயிடுச்சு. ஆறக் கூடாது. குடுக்கலனா கலை இனிமே வைத்தியமே வேணாம்னு சொல்லிட்டா."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டப்பாவை என் கையில் திணித்தார்.

"மடில வைய்யா மொதல்ல!" ஆறு வருடத்தில் அவர் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியது அன்றுதான். பிறகு எழுந்து, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணாமலையாரே, கோச்சிக்காத" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்துக்கு எதிரே இறங்கி நடந்தார்.

அதுவரை நான் எதிரே நடந்ததெல்லாம் நடையே இல்லை. "வழி வுடுங்க! வழி வுடுங்க சாமி! உசுரு விசயம்!" என்று அவர் கத்தியபோது லட்சம் பேரில் ஒரு கோடு விழுந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"மருமவனுக்கு! வயித்துல!"

என் வலது கை வயிற்றில் இருந்தது வசதியாகப் போயிற்று. குடலிறக்கம் என்று ஒருவர் முடிவு செய்தார். அது அவருக்குப் பின்னால் வந்தவரிடம் போகும்போது குடல் வெளியே வந்துவிட்டதாக ஆகியிருந்தது. ஒரு கான்ஸ்டபிள் விசில் ஊதிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். முதலுதவிப் பந்தலிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்து என் தோளைப் பிடித்து மல்லாக்கச் சாய்க்கப் பார்த்தார்கள்.

"படுக்க வெக்காதீங்க! கவுந்துடும்!" என்று மாமியார் அலறினார்.

"எதும்மா கவுந்துடும்?"

"உங்களுக்கு எதுக்குய்யா அது? தள்ளு!"

கிளினிக்குக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கெடு தாண்டிவிட்டது. சென்னை ஆள் கேனை மூடிக்கொண்டிருந்தார். ஜாகீர் என் கையிலிருந்து டப்பாவை வாங்கினான், நேரத்தைக் கேட்டான், முகத்தைச் சுளித்தான், ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தான். என் மாமியார் லேப் வாசலில் நின்று, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்போல எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஓடறாங்க சார். கொஞ்சம் சோந்து போயிருக்காங்க, ஆனா ஓடறாங்க. லேட்டுனு குறிச்சு அனுப்பறேன், பாத்துக்குவாங்க."

"எத்தினி பேரு இருப்பாங்க தம்பி?" என்றார் மாமியார்.

"கோடிக் கணக்குலம்மா."

"எல்லாரும் ஒரே பக்கமாவா போறாங்க?"

"இல்லம்மா. அவங்கவங்க இஷ்டத்துக்குப் போறாங்க."

"அவரோடதுதான்" என்றார் மாமியார்.

மாதிரி உறைந்து சென்னைக்குப் போனது. முடிவு வந்தபோது என் புகழ்பெற்ற இரட்டைச் சுருளில் கணிசமான பகுதி உடைந்திருந்தது. லேட்டானதால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் எல்லாப் பழியையும் பௌர்ணமி மேல் போட முடியாது என்றார் டாக்டர். ஸ்டாஃப் ரூம் பின்னால் நான் ஊதிய சிகரெட்டுகள் நிறுத்தப்பட்டன. விரைப்பையில் புடைத்திருந்த ரத்த நாளத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன். சில மாதம் கழித்து அதே பரிசோதனைக்கான மாதிரியை, தாழ்ப்பாள் இல்லாத அதே அறையில் கொடுத்தேன். உடைசல் குறைந்திருந்தது. மூன்றாவது கரு நின்றது. இதனால்தான் நின்றது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். இப்போது எங்கள் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டியூஷனிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். கைகள் தாமாகவே வயிற்றைப் பிடித்துக்கொள்கின்றன. "அப்பா, மறுபடியும் குடல் எறங்கிடுச்சா?" என்று சைக்கிளில் வந்துகொண்டே கத்துவாள்.

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலையும் யாரும் சும்மா மேஜைமேல் வைத்துவிட முடியாது. இருமல் மருந்தோ, தேங்காய் எண்ணெயோ, மாமியார் அதைத் தூக்கிப் பார்த்து, "மாப்ள, இது முட்டிக்குத் தடவறதுதான? நல்லாத் தெரியுமா?" என்று கேட்காமல் விடமாட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எனக்குத் தெரியாதவர்கள்கூட என்னைக் கண்டதும் முட்டியைத் தடவிக்கொள்கிறார்கள்.

அன்றைக்குக் கிளினிக்கில் மாதிரியைக் கொடுத்த பிறகு, கலைவாணியைத் தேடினேன். காணோம். நேரமாகிவிட்டதென்று என்னைத் தேடிக் கிளம்பிவிட்டாளாம். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூடத்தில் சுவரோரம் கிடந்த பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்தோம். சுற்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தியும் மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முட்டியைத் தடவ மறந்துவிட்டார்.

"இங்கதான் குந்தினு இருப்பாளா?" என்றார்.

"ஆமாங்க அத்தே."

"நீங்க கூட வருவீங்களா?"

"ஸ்கூல் இருக்குமே."

அவர் பெஞ்சின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

வெகு நேரம் கழித்துக் கலைவாணி வந்தாள். தலை கலைந்து, புடவை கசங்கி, வியர்வையில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. வழியெல்லாம் குடல் சரிந்த வாத்தியாரைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தவளின் முகம் அது. முதலில் என்னைப் பார்த்தாள். என் கைகள் காலியாக இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அம்மாவுக்கு...?"

"எல்லாம் தெரிஞ்சிக்கினேன்" என்றார் மாமியார்.

கலைவாணி எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா இந்த பெஞ்சுல நான் ஒருத்தியே உக்காந்திருந்தேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ரெண்டு பேரும்" என்றாள்.